பாலத்தடிக்குப் போன கறி

சூறாவளி அடிச்சு எங்கட பழுகாமத்துத் தென்னையெல்லாம் முறிஞ்சு கிடந்த வருசம் பொறந்தவள் என்ட மூத்தவள். அவள் வளந்து, கலியாணம் முடிச்சு, தலைப்புள்ள பெத்த வருசம் கடல் பொங்கி ஊருக்குள்ள வந்தது. அப்படி வச்சுக்கொள்ளுங்க தம்பி. வருசத்துக்கு நம்பர் சொல்ல எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்துக்கு மழைக்கு மட்டும் ஒதுங்கின ஆள்.

கடல் வாறதுக்கு முந்தின வெள்ளாமை வெட்டுக்குத்தான் நான் அந்த மேடத்த முதன்முதல் கண்டன். பேர் சொல்லமாட்டன், அவக்கு அது புடிக்காது. வந்தாறுமூலைக் கெம்பசில படிப்பிச்சவ. டவுனில மெதடிஸ் சேர்ச் ஆக்கள். கலியாணம் கட்டல்ல. ஒல்லி, நல்ல உயரம். கையில எந்நேரமும் ஒரு கறுத்தக் குடை. மழையில்லாட்டி அதை ஊண்டிக்கொண்டு நிப்பா. எங்கட ஆக்கள் அவக்கு வச்ச பேர் சங்கத்து மேடம். ஏன் அந்தப் பேர் எண்டதுக்கு வாறன், பொறுங்க.

அப்ப என்னட்ட ஒரு உழவு மெசின் இருந்தது, பின்னால சாமான் ஏத்துற பெட்டியோட. நீல மெசின். விடிய ஸ்டார்ட் பண்ணினா சளிக்காரக் கிழவன் மாதிரி இருமி, துப்பி, மறுகாதான் ஓடும். அதைப் பத்திக் கதைக்கத் தொடங்கினா இண்டைக்கு முடியாது. வெட்டுக் காலத்தில போடியார்ட மில்லடியில நெல்லு மூட்டையோட மெசினெல்லாம் வரிசையில நிக்கும். போடியார் எண்டா எங்கட பக்கம் பெரிய வயற்காரர். எங்கட போடியாருக்கு மில்லும் சொந்தம், கோயிலுக்கும் அவர்தான் வண்ணக்கர், நிருவாகம் முழுக்க அவர்ர கையில. அவர்ர நெத்தியில திருநூறு காயாம ஊரில ஆரும் ஒரு வேலை தொடங்கப்படாது எண்டு நினைக்கிற மனிசன்.

அண்டைக்கு இந்த மேடம் வந்து ஒரு நெல்லு மூட்டையில ஏறி இருந்துகொண்டு எங்களையே பாக்கிறா. கதைக்கவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. ஒருத்தன் சொன்னான், வங்கியால வந்திருக்கா எண்டு. இன்னொருத்தன் வரி எண்டான். எனக்குப் பக்கத்தில நிண்டவன், "இல்லடாப்பா, ஆரோ ஏமாத்தின பொம்புள, ஆளைத் தேடி வந்திருக்கா" எண்டான். அவ்வளவுதான், நாங்க எல்லாரும் ஒருத்தன்ட மூஞ்சிய ஒருத்தன் பாத்தம்.

மறுகா எழும்பி நேரா என்னட்ட வந்தா.

"அண்ணன், எப்ப இருந்து நிக்கிறீங்க?"

"விடிய வெள்ளாப்பில இருந்து, மேடம்."

"உங்கட பெட்டியில கொஞ்ச மூட்டைதானே கிடக்கு?"

"ஓம், வீட்டுச் சாப்பாட்டுக்கு."

"முன்னால நிக்கிறது?"

"அது போடியார்ட மருமகன்ட. பெட்டி நிரம்ப."

"உங்களை முதல் விட்டா அவருக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் பிந்தும். அவரை முதல் விட்டா உங்களுக்கும் உங்களுக்குப் பின்னால நிக்கிற சின்னச் சுமைக்காரருக்கும் ஒரு பகல் போகும். இதை ஆரும் யோசிக்கிறதில்லையோ?"

"யோசிக்கிறது மேடம். ஆனா போடியார்ட மருமகனைப் பின்னால விட்டா நெல்லோட சேத்து என்னையும் அரைச்சுப் போடுவாங்க."

அவ விடல்ல. நேரா உள்ள போனா. நாங்க கதவடியில காதைக் குடுத்துக்கொண்டு நிண்டம்.

"போடியார், வேலை செய்யிற ஆளைப் பாக்காதீங்க, காத்து நிக்கிற ஆளைப் பாருங்க. உங்கட மில் நல்லா ஓடுது. வெளிய எத்தின பேர்ட பகல் செத்துப் போகுது?"

போடியார் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பல்ல. "என்ட வாசல்ல ஆக்கள் காத்து நிக்கிறது எனக்கு மரியாதை புள்ள. கெதியா முடிச்சு அனுப்பினா என்னை ஆர் மதிக்கிறது?"

மேடம் குடையை ஊண்டிக்கொண்டு வெளிய வந்து, "நல்ல பதில்" எண்டு தனக்குத் தானே சொன்னா. கோவமில்ல. நல்ல மீன் கண்ட மீன்காரன்ட மூஞ்சி மாதிரி இருந்தது.

அவட குணம் அதுதான். எங்க போனாலும் அவட கண் காத்து நிக்கிற ஆளிலதான் போய் நிக்கும். பஸ்ஸில ஏறாம ரெண்டு பஸ்ஸை விட்டுப்போட்டு ஆர் ஏறல்ல எண்டு பாப்பா. கெம்பசில தேத்தண்ணிக்கு வரிசை நீளுறது சீனிக் கரண்டி ஒண்டே ஒண்டு இருக்கிறதாலதான் எண்டு கண்டுபுடிச்சு, தன்ட கைக்காசில இன்னொரு கரண்டி வாங்கி வச்சாவாம். அந்தக் கரண்டியை ஒரு பெரிய படிப்பாளி வீட்ட கொண்டு போயிட்டாராம். அதை அவ சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுவா.

இப்ப சங்கத்துக்கு வாறன். வெளிநாட்டில ஒரு சங்கம் இருக்காம். செயற்பாட்டு ஆராய்ச்சிச் சங்கம். எனக்கு அந்தப் பேர் வாயில ஒட்ட ஒரு போகம் போச்சு. எந்த லொறி எந்த ரோட்டால போனா நல்லம், எத்தின கவுண்டர் திறந்தா ஆக்கள் நிக்கமாட்டாங்க, எது முதல், எது பிறகு, இப்படிக் கணக்குப் போட்டுச் சொல்லுற ஆக்கள்ற சங்கம். தச்சனுக்குச் சங்கம் இருக்கு, மீன்பிடிக்குச் சங்கம் இருக்கு, இது ஒழுங்குபடுத்துற ஆக்களுக்கு. கூட்டம் வைப்பாங்களாம், ஒருத்தர் கண்டுபுடிச்சத மத்தவங்க பிழை புடிப்பாங்களாம், புத்தகம் போடுவாங்களாம். மட்டக்களப்பில அவ ஒருத்திதான் அதில ஆள். இஞ்சயும் ஒரு கிளை தொடங்கோணும் எண்டு அவக்குப் பெரிய ஆசை. கெம்பசில ஆரும் சேரல்ல. எங்களைச் சேத்தா.

நான், மில்லுத் தராசுக்காரன், ஆத்தில பாதை இழுக்கிற ரெண்டு பேர். பாதை எண்டா ஆறு கடக்க ஆக்களையும் சைக்கிளையும் ஏத்துற மிதவை. மில்லடி வாகை மரத்துக்குக் கீழ கூட்டம். திண்ணப் பணிசும் குடிக்கப் பிளேன்டியும் கிடைக்கும். அதுக்குத்தான் போனது, பொய் சொல்லக்கூடாது. பாதையில ஆடு முதல் ஏறுறதோ ஆக்கள் முதல் ஏறுறதோ எண்டு ஒருநாள் தொடங்கின கதை கைகலப்பில முடிஞ்சுது. மேடத்துக்கு அப்படி ஒரு சந்தோசம். "இதுதான் அண்ணன் கூட்டம்! வெளிநாட்டிலயும் இப்படித்தான்" எண்டா.

போடியாருக்கு இது காதில விழுந்திட்டு. ஊரில ஒரு சங்கம், அதில தான் இல்ல. அடுத்த கூட்டத்துக்குச் சால்வையோட வந்தார், வந்த கையோட தலைவராகிட்டார். சங்கம் என்னத்துக்கு எண்டு மறுகாதான் கேட்டார்.

அந்த மாரியில கடல் வந்தது. அதைப் பத்தி நான் கனக்கச் சொல்லமாட்டன் தம்பி.

என்ட மூத்தவள் பெரியகல்லாத்தில இருந்தவள். எங்கட பக்கம் மாப்புளதான் பொண் வீட்டுக்கு வாறது. மருமகன் மீன்பிடிகாரன், கடலை விட்டுட்டு வயலுக்கு வரமாட்டன் எண்டு நிண்டான், இவளும் அவனோட போயிட்டாள். அதுக்கே என்ட மனிசி என்னோட ஒரு வெள்ளாமை முழுக்கக் கதைக்கல்ல. கடல் வந்த பின் சேதி வந்தது: மகள், மருமகன், கைக்குழந்தை மூண்டும் உசிரோட. வீடு இல்ல. மருமகன்ட தாயைக் காணல்ல. தெக்கால கடைசி முகாமில இருக்காங்க எண்டு.

எங்கட மேற்குக் கரை, அதுதான் படுவான்கரை, முழுக்க உலை வச்சது அண்டைக்கு. ஆத்துக்கு இந்தப் பக்கம் தண்ணி வரல்ல, எங்கட அடுப்பு எரிஞ்சுது. சோத்தைப் பார்சல் பார்சலாக் கட்டி, கறியைப் பானையில ஊத்தி, மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு பாலம் தாண்டிப் போறம். பாலம் இறங்கினவுடன ஒரு பள்ளிக்கூடம். அதுதான் முதல் முகாம். ஆக்கள் ரோட்டுக்கு வந்து கையை நீட்டினா ஆருக்கு மெசினை ஓட்ட மனம் வரும்? எல்லாரும் அங்கயே இறக்கினம். பாலத்தடியில பார்சல் மலை மாதிரி. நாயே மோந்து பாத்துட்டுப் போகுது. கடைசி முகாமில பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான் எண்டு கேள்வி. வெறும் பெட்டியோட மகளிட்டப் போக மனமில்லாம என்ட மெசின் பாலத்தடியைத் தாண்டேலாமக் கிடக்கு. மகளுக்கெண்டு சீற்றுக்குக் கீழ ஒளிச்சு வச்ச பார்சலையும் ஒருத்தி கண்டு எடுத்திட்டாள். இடுப்பில புள்ள. அவள்ட கையில இருந்து நான் என்னெண்டு பறிக்கிறது?

வீட்ட வந்தா மனிசி ஒண்டே ஒண்டுதான் கேப்பா. "என்ட புள்ள திண்டாளோ?"

நான் மெசினைத் துடைப்பன்.

மறுகா மேடம் வந்தா. பாலத்துக்கு நடுவில குடையை விரிச்சுக்கொண்டு நிண்டு மறிச்சா. "தூரத்து முகாமுக்கு முதல் போங்க! திரும்பி வரக்குள்ள கிட்டத்து முகாமுக்குக் குடுங்க!" அவட குரலுக்கு காவலுக்கு நிண்ட ஆமிக்காரனே சென்றியில நிமிந்து நிண்டான். எல்லாரும் கேட்டம். அண்டைக்கெண்டு பாத்து என்ட மெசின் பாலத்திலயே இருமி நிண்டுபோச்சு. மத்த எல்லாம் தெக்கால போனது. போய் என்ன செஞ்சாங்க? அவ்வளவையும் கடைசி முகாமில இறக்கிட்டு வெறும் பெட்டியோட வாறாங்க. கொண்டு போன தானச் சோத்தைத் திருப்பிக் கொண்டு வாறது எங்கட ஆக்களிட்ட இல்ல. சோத்தோட வீட்டுப் பக்கம் கிறுகினா தரித்திரம். அது மேடத்துக்குத் தெரியாது.

பின்னேரம் பாலத்தடி முகாமாக்கள் வெறும் கோப்பையோட வந்து அவவைச் சுத்தி நிண்டாங்க. ஒரு மனிசி கோப்பையால குடையில ஒரு தட்டுத் தட்டினா. மேடம் குடையைச் சுருக்கினா.

"என்ட பிழைதான். நேத்து ஆளுக்கொரு பிழையா விட்டீங்க. இண்டைக்கு நான் எல்லாருக்கும் சேத்து ஒரே பிழையா விட்டுட்டன்."

பாலத்தடி பட்டினி எண்டு கேள்விப்பட்டு அடுத்த நாள் எல்லாச் சோறும் திரும்பவும் பாலத்தடிக்கே போனது. என்ட மகளுக்கு மறுபடி பிஸ்கட்.

அப்பதான் கோயிலில கூட்டம். மேடம் வேதக்காரப் பொம்புள, வாசல்ல நிண்டா. "உள்ள வா புள்ள, நீ நம்மட சங்கத்து ஆள்" எண்டார் போடியார், வேலையாளைக் கூப்பிடுற மாதிரி. அவ மண்டபத்து ஓரத்தில நிண்டுகொண்டு கேட்டா, "உங்கட திருவிழாவை எல்லாரும் ஒரே நாளில செய்யிறதில்லையே, ஏன்?"

"அதெப்படி? குடிக்கு ஒரு நாள்."

குடி எண்டா எங்கட பக்கம் தாய்வழி தம்பி. தாய் எந்தக் குடியோ புள்ளயும் அந்தக் குடி. ஒவ்வொரு குடிக்கும் கோயிலில ஒரு திருவிழா. அடுத்தவன்ட நாளில கைவச்சா வெட்டுக்குத்து.

"அப்ப குடிக்கு ஒரு முகாம்" எண்டா மேடம்.

மறுகா போடியார் எழும்பினார். "முதல் முகாம் எங்கட குடிக்கு!" உடன மத்தக் குடியாக்கள் எழும்பினாங்க. முதல் முகாம் எங்களுக்கு, உங்களுக்கு எப்ப முதல் தந்தது, உன்ட பாட்டன் ஆர், என்ட பாட்டன் ஆர் எண்டு செத்தவங்களையெல்லாம் எழுப்பிக் கொண்டு வந்திட்டாங்க. அங்கால ஆக்கள் பசியில.

மேடம் குடையால நிலத்தில தட்டினா. "போடியார், திருவிழாவில பெரிய நாள் எது?"

"கடைசி. தீர்த்தம்."

"தீர்த்தம் ஆருக்கு?"

"ஆருக்கோ? எங்கட குடிக்குத்தான்! ஆதியில இருந்து!"

"அப்ப கடைசி முகாமை வேற ஆருக்குக் குடுக்கிறது?"

போடியார் மத்தவங்களைப் பாத்தார். "வேற எவனும் கடைசி முகாமில கால் வைக்கட்டும் பாப்பம்!"

இப்ப முடிஞ்சுது எண்டுதானே நினைக்கிறீங்க? விடியத்தான் தொடங்கிச்சு. எங்கட வழக்கத்தில ஒரே குடிக்குள்ள கலியாணம் முடிக்கேலா. அப்ப புருசன் ஒரு குடி, பொண்டாட்டி வேற குடி. பானை ஒண்டு. அந்தப் பானை எந்த முகாமுக்கு? ஊர் முழுக்கக் குசினியில அடுப்படிச் சண்டை. என்ட வீட்டில நான் என்ட குடியெண்டன். மனிசி அகப்பையை நீட்டினா. "வீடு வளவு என்ட தாய் தந்தது, அடுப்பு என்ட, பானை என்ட. நீங்க ஆர்?" மேடத்திட்ட போனம். "சமைக்கிற ஆள்ற குடி" எண்டு ஒரே சொல்லில முடிச்சா. அண்டைக்குப் படுவான்கரையில ஆம்புளைக்கு ஒரு குடியும் இல்ல, சாரத்தியம் மட்டும்தான்.

ஆனா திருவிழா ஒழுங்கில என்ட மனிசிர குடிக்கு விழுந்தது பாலத்தடி முகாம்.

அதைக் கேட்டதும் மனிசி பானைக்கு முன்னால குந்திட்டா. அண்டைக்கு அவ வச்சது சரக்குக் கறி. புள்ளப்பெத்த பொம்புளைக்கு மல்லி, மிளகு, சரக்கெல்லாம் அரைச்சு வைக்கிறது. கடல் எடுத்த ஆக்களை நினைச்சு கடல் மீனை அப்ப ஆரும் தொடல்ல, நான் குளத்து விரால் தேடி வாங்கிக் குடுத்தன். மகளை நினைச்சு நினைச்சு அரைச்ச சரக்கு. "என்ட புள்ள ஒரு மூலையில, என்ட கறி வேற மூலையிலயோ? இந்தப் பானை எழும்பாது."

மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தன். அவ குசினி வாசல்ல குந்தினா.

"அக்கா, உங்கட மகளுக்கு இண்டைக்கு வேற ஒரு தாய் சமைக்கிறா. பாலத்தடியிலயும் புள்ளப்பெத்த பொண்டுகள் இருக்காங்க."

"அந்தத் தாய் சரக்கரைப்பாளோ?"

"தெரியாது."

"உப்புப் பாப்பாளோ?"

"தெரியாது அக்கா."

"ஒண்டும் தெரியாமலோ கெம்பசில படிப்பிக்கிறீங்க?"

"ஒண்டு தெரியும் அக்கா. எல்லா வீட்டிலயும் ஆரோ ஒருத்தருக்கு ஏதோ ஒரு முகாமில ஒரு சொந்தம் கிடக்கு. நீங்க மகளைத் தேடி இந்தப் பானையோட போனா, போடியார்ட தங்கச்சி தன்ட மகனைத் தேடி வேற முகாமுக்குப் போவா. அவட சோத்தைத்தான் உங்கட மகள் பாத்துக்கொண்டு இருக்கா."

மனிசி என்னைப் பாத்தா, பானையைப் பாத்தா. முந்தானையால மூக்கைத் துடைச்சுப்போட்டு வாழையிலையால பானைட வாயைக் கட்டினா.

"கொண்டு போங்க. ஆனா அந்தக் கறியைத் திண்ணக்குள்ள அவங்கட மூஞ்சியைப் பாத்து வந்து எனக்குச் சொல்லோணும்."

பாலத்தடியில எனக்கு நிக்கக் கிடைச்சாத்தானே? பின்னால மெசின் வரிசை. மேடம், "இறக்கு, எடு! இறக்கு, எடு!" எண்டு குடையை ஆட்டுறா. ரெண்டு கை வந்து பானையை வாங்கினது. வளையல் போட்ட கை. உள்ள போயிட்டு. அவ்வளவுதான் நான் கண்டது.

வெறும் பெட்டியோட தெக்கால ஓடினன். கடைசி முகாமில போடியார் பட்டுச் சால்வை கட்டி, தன்ட கையால சோறு போடுறார், தீர்த்தத்துக்கு நிக்கிற அதே நிலை. மேளம்தான் இல்ல. என்ட மகள் ஒரு மூலையில கால் நீட்டி இருந்து திண்டுகொண்டிருந்தாள். மடியில புள்ள பால் குடிக்குது. நான் அவளுக்குப் பக்கத்தில குந்தினன்.

"அப்பா, சோறு கனக்க. கறியில உப்பில்ல" எண்டாள். சொல்லிப்போட்டுச் சிரிச்சாள். கடல் வந்த பின் அவள் சிரிச்சது அப்பதான் எண்டு மருமகன் சொன்னான்.

போடியாருக்குப் பாம்புக் காது. "என்ன, உப்பில்லையோ?" அடுத்த நாள் அவர்ர குடியாக்கள் போட்ட உப்பில முகாம் முழுக்கத் தண்ணிக்கு அலைஞ்சுதாம்.

வீட்ட வந்து எல்லாம் சொன்னன். மனிசி கேட்டா, அழுதா. அழுது முடிச்சுக் கேட்டா, "பாலத்தடியில?"

"குடுத்தன்."

"மூஞ்சி?"

"பாக்கக் கிடைக்கல்ல."

அண்டைக்கும் என்னோட கதைக்கல்ல.

மறுகா கொஞ்ச வருசத்தில எங்கட பக்கம் ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை முடியிற நேரம். செல் குண்டு விழுகுது, படுவான்கரை முழுக்க மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே பாலத்தால அங்கால ஓடினம். இப்ப நாங்க முகாமில, கடக்கரையாக்கள் எங்களுக்குச் சமைச்சுக் கொண்டு வாறாங்க. வரிசையில எனக்குப் பின்னால போடியார் நிண்டார், சால்வை இல்லாம. மேடம் குடையோட வந்து தூரத்தில நிண்டு பாத்தா. எனக்குக் கை காட்டல்ல. கை காட்டினா நான் வரிசையை விட்டு வந்திடுவனாம்.

என்ட மனிசி சோறு வாங்கிறதுக்கு முந்தி, கொண்டு வந்த ஒவ்வொரு பொம்புளையையும் புடிச்சு மறிப்பா. "இஞ்சாருங்க, கடல் வந்த நேரம் நீங்க பாலத்தடியிலயோ இருந்தீங்க? ஒருநாள் சரக்குக் கறி வந்ததோ? எப்படி?" பின்னால நிக்கிற ஆக்கள் ஏசுறாங்க. வரிசையே நிண்டுபோகும். மேடம் வந்து பாத்தா, வரிசை நிக்கிறதுக்குக் காரணம் என்ட மனிசி.

"மேடம், இதை நீங்க கண்டுபுடிச்சுத் தரோணும். உங்கட சொல்லுக்குத்தானே குடுத்தனான்."

நான் நினைச்சன் மேடம் சிரிப்பா எண்டு. சிரிக்கல்ல. "ஓம் அக்கா, அது நான் பாக்காம விட்டது" எண்டா. முகாமிலயே சங்கக் கூட்டம் வச்சா, பணிஸ் இல்லாம. அதுக்கு மட்டும் ஒரு கூட்டம். போடியார் தலைவர். மறுகா மேடம் தானே கடக்கரையெல்லாம் திரிஞ்சா, புதுசாக் கட்டிக் குடுத்த வீட்டுத்திட்டமெல்லாம் ஏறி இறங்கினா. பாலத்தடியில இருந்த ஆக்கள் எங்கெங்கயோ போயிட்டாங்க. கண்டவங்களும், அப்ப என்ன திண்டம் எண்டு ஆருக்குத் தெரியும் மேடம் எண்டாங்களாம். வந்து என்ட மனிசிர கையைப் புடிச்சு, "கிடைக்கல்ல அக்கா. தேடுறன்" எண்டா. தேடிக்கொண்டேதான் இருந்தா, படுக்கையில விழுறமட்டும். இப்ப அவ இல்ல. கிளையும் இல்ல.

தம்பி, நீங்க பாலம் கடந்து அங்கால போற ஆள்தானே. கண்ட இடத்தில, காணுற ஆக்களிட்டச் சொல்லிப் போடுங்க. கடல் வந்த மாரியில பாலத்தடி முகாமில சரக்குக் கறி திண்ட ஆக்கள் ஆரும் இருந்தா, பழுகாமத்துக்கு ஒரு சொல் சொல்லியனுப்பட்டாம். சும்மா சந்தோசத்துக்குப் பொய் சொல்ல வேணாம், என்ன மீன் எண்டு என்ட மனிசி கேட்டுப் புடிச்சிடுவா. உப்புக் கூடிட்டுது எண்டாலும் சொல்லலாம், கோவிக்கமாட்டா.

கோவிப்பா. எண்டாலும் சொல்லச் சொல்லுங்க.